இறுகிய திருகும் மூன்று பட்டறைகளும்

கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கமூடியைப் பிடித்திருக்கும் திருகுகளில் மூன்று சொன்ன பேச்சைக் கேட்கும், நான்காவது கேட்காது. ஸ்டார் திருப்புளியை வைத்துத் திருகினால் கர்ரென்று வழுக்கும். இரண்டு மூன்று முறை வழுக்கினால் தலையிலிருந்த சிலுவைப் பள்ளம் வெறும் குழியாகிவிடும். அப்புறம் ஆளுக்கொரு வைத்தியம். ரப்பர் பேண்டு வை, ஃபெவிக்விக் விடு, தேங்காய் எண்ணெய் ஊற்று, சூடு காட்டு, சுத்தியலால் ஒரு போடு போடு, துளைத்து எடு. இவற்றில் எதுவும் முழுப் பொய்யல்ல. எங்கோ யாருக்கோ பலித்ததுதான். எந்தத் திருகுக்கு, ஏன் பலித்தது என்பதைத்தான் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

‘வரமாட்டேங்குது’ என்ற ஒரே புகாருக்குள் மூன்று கோளாறுகள் இருக்கின்றன. மரை நன்றாக இருந்து தலை மட்டும் கெட்டிருப்பது ஒன்று. தலை நன்றாக இருந்து மரை கடித்துக்கொண்டிருப்பது இன்னொன்று. துருவோ பசையோ பொருந்தாத மரையோ அதற்குக் காரணமாக இருக்கும். மூன்றாவது வகையில் திருகு தாராளமாகச் சுற்றும், வெளியே மட்டும் வராது. தகட்டின் மரை போயிருக்கும், இல்லையென்றால் மதர்போர்டைத் தாங்கும் பித்தளைத் தூண் கூடவே சுற்றிக்கொண்டிருக்கும். ரப்பர் முதல் வகைக்கான மருந்து, எண்ணெய் இரண்டாவதற்கு. மூன்றாவதற்கு இரண்டும் வீண். நடப்பதோ, இரண்டாவது கோளாறோடு ஆரம்பித்து, பதற்றத்தில் முதலாவதையும் நாமே சேர்த்து வாங்கிக்கொள்வது.

திருகை இறுக்கும்போது நாம் கொடுக்கும் திருப்புவிசை எங்கே போகிறது என்பதற்கு இயந்திரவியலில் ஒரு தோராயக் கணக்கு உண்டு. ஏறக்குறையப் பாதி, தலையின் அடிப்பகுதி தகட்டோடு உரசுவதிலேயே போய்விடும். நாற்பது சதவீதம் மரைகளின் உராய்வுக்கு. மிச்சமிருக்கும் பத்து சதவீதம்தான் இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடிக்கும் இழுவிசையாகிறது. இதைத் தெரிந்துகொண்டால் பல விஷயங்கள் விளங்கும். முதல் கால் சுற்று மட்டும் ஏன் அவ்வளவு கடினம்? தலை தகட்டை விட்டு மயிரிழை எழும்பியதும் எதிர்ப்பின் பெரும்பகுதி தீர்ந்துவிடுகிறது. தலையைத் துளைத்து எடுத்துவிட்டால் மிச்சத் தண்டை ஏன் சில நேரம் விரலாலேயே சுழற்றி எடுக்க முடிகிறது? அதுவும் இதே கணக்குத்தான்.

இனி, திருகு வராமல் போவதற்கான காரணங்கள். கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இரண்டு வகை மரைகள் அடுத்தடுத்து வாழ்கின்றன. பக்கமூடி, எஸ்எம்பிஎஸ் (மின்வழங்கி), பெரிய ஹார்டு டிஸ்க் ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் 6-32 என்ற அமெரிக்க அங்குல மரை. விட்டம் சுமார் 3.5 மி.மீ.; அங்குலத்துக்கு 32 மரை, அதாவது சுற்றுக்கு 0.79 மி.மீ. நகர்வு. அமெரிக்க வீடுகளில் சுவிட்ச் பலகையை மாட்டும் திருகும் இதே மரைதான். சிடி டிரைவுக்கும் சின்ன எஸ்எஸ்டிக்கும் எம்3. விட்டம் 3 மி.மீ., சுற்றுக்கு 0.5 மி.மீ. எம்3 திருகை 6-32 துளையில் போட்டால் தொளதொளவென்று ஆடும். 6-32 திருகை எம்3 துளையில் போட்டால் முதல் சுற்று போவது போலப் போக்குக்காட்டிப் பிறகு கடித்துக்கொள்ளும்.

மதுரையில் இதோடு மூன்றாவதாக ஒரு மரையும் சேருகிறது. ஜோசப் விட்வொர்த் 1841-இல் இங்கிலாந்துக்காக வகுத்த 55 பாகை மரை, மெட்ரிக் அளவுகள் சட்டமாகி அறுபது வருஷத்துக்கு மேலாகியும் நம் ஹார்டுவேர் கடை டப்பாக்களை விட்டுப் போகவில்லை. கீழ மாசி வீதிப் பக்கம் போய் ‘ஒன் பை எய்ட்’ என்றோ ‘ஃபைவ் பை தர்ட்டி டூ’ என்றோ கேட்டால் மறுபேச்சில்லாமல் எடுத்துப் போடுவார்கள். ‘சிக்ஸ் தர்ட்டி டூ’ என்று கேட்டால் “சாம்பிள் இருக்காண்ணே?” என்ற பதில்தான் வரும். தொலைந்துபோன பெட்டித் திருகுக்குப் பதிலாகக் கையில் கிடைத்த 5/32-ஐ முடுக்கிவிடுவது இப்படித்தான் நடக்கிறது. அதற்கும் அங்குலத்துக்கு 32 மரை, 6-32-க்கும் 32. இடைவெளி ஒத்துப்போவதால் சாதுவாக உள்ளே நுழையும். விட்டமோ 3.97 மி.மீ.; ஏறக்குறைய அரை மி.மீ. கூடுதல். மரைக்கோணமும் வேறு, அமெரிக்க மரை 60 பாகை. மெல்லிய தகட்டைத் தானே பிளந்துகொண்டு உட்கார்ந்துவிடும். ஆறு மாதம் கழித்து அதைக் கழற்ற வருபவருக்கு இந்தக் கதை தெரியாது. அவர் துருவைத் திட்டுவார்.

துருவுக்கும் பங்கு உண்டுதான். கடல் எட்ட இருக்கிறது, சித்திரையில் வெயில் 40 பாகையைத் தொடுகிறது, இந்தக் காய்ந்த சமவெளியில் துரு எங்கிருந்து வரும் என்று தோன்றலாம். பெட்டி இருக்கும் இடத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். கடையிலும் வீட்டிலும் அது மேசைக்கு அடியில், தரையில், பின்பக்கம் சுவரை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. போர்த் தண்ணீர் உப்பாக இருக்கும் புறநகர்களில் அந்தத் தண்ணீரில் பிளீச்சிங் பவுடரும் கலந்து தினமும் தரை துடைக்கிறார்கள். துணியிலிருந்து தெறிக்கும் துளி கீழ்வரிசைத் திருகுகளில் படிந்து காய்கிறது. துத்தநாகப் பூச்சு சில மைக்ரான் கனம்தான்; குளோரைடுக்கு முன்னால் அது ரொம்ப நாள் தாங்காது. விரிவாக்கத் துளைக்கு மூடி இல்லாத பெட்டிக்குள் எலி குடியேறிவிட்டால் அதன் சிறுநீர் இன்னும் வேகமாக அரிக்கும். ஐப்பசி, கார்த்திகை ஈரம் மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும். மேல் திருகு பளபளப்பாகவும் கீழ்த் திருகு செம்மண் நிறமாகவும் இருக்கும் பெட்டிகளை எந்த சர்வீஸ் கடையிலும் பார்க்கலாம்.

மலிவுப் பெட்டியின் தகடும் ஒரு காரணம். அரை மி.மீ. கனத் தகட்டில் ஒரு மரைகூட முழுசாக விழாது. அதனால் துளையின் விளிம்பை உள்பக்கமாகக் குழாய்போல் இழுத்துவிட்டு அதில் இரண்டு மூன்று மரை போடுகிறார்கள். மோட்டார் திருப்புளியில் கொஞ்சம் கூடுதலாக முடுக்கினாலும் அந்த இரண்டு மரையும் போய்விடும். திருகு சும்மா சுற்றுகிறது என்று வரும் புகார்களில் பல இதுதான்.

திருகின் தலைக்கு வருவோம். நாம் ஸ்டார் என்று அழைக்கும் சிலுவைத் தலையை முதலில் யோசித்தவர் ஜான் தாம்ப்சன். அதை வாங்கி, திருத்தி, 1936-இல் காப்புரிமை பெற்று உலகமெங்கும் பரப்பியவர் ஒரிகான் மாநிலத்துப் போர்ட்லாண்டைச் சேர்ந்த ஹென்றி ஃபிலிப்ஸ். அமெரிக்கன் ஸ்க்ரூ கம்பெனி அதைச் செய்து கொடுத்தது. ஜெனரல் மோட்டார்ஸ் அதே வருஷம் கேடிலாக் கார்களில் பூட்டியது. திருப்புளி தானாகவே நடுவில் போய் நிற்கும், மோட்டார் வைத்துச் சரசரவென்று முடுக்கலாம் என்பதுதான் தொழிற்சாலைகளுக்கு அதில் கிடைத்த லாபம். விசை கூடினால் வழுக்கி வெளியேற வேண்டும் என்றே ஃபிலிப்ஸ் அதை வடிவமைத்தார் என்று பலரும் சொல்வார்கள். அவருடைய தொடக்கக் காப்புரிமைகளில் அப்படி ஒன்றும் இல்லை. அந்த எண்ணம் பின்னால் வந்த ஒரு திருத்தக் காப்புரிமையில்தான் தென்படுகிறது. வேண்டுமென்றே வைத்ததோ தானாக வந்ததோ, சரிவான பக்கச்சுவர் கொண்ட அந்தப் பள்ளத்தில் திருப்பும் விசையில் ஒரு பங்கு திருப்புளியை மேலே தள்ளுவது மட்டும் நிஜம். அதைக் கீழே அமுக்க வேண்டியது நம் கையின் வேலை.

ஜெனரல் மோட்டார்ஸ் என்றதும் மதுரைக்காரருக்கு இன்னொரு தொடர்பு நினைவுக்கு வரும். 1911-இல் இந்த ஊரில் பஸ் ஓட்டத் தொடங்கிய டி.வி.எஸ். குடும்பத்தின் சுந்தரம் ஃபாஸனர்ஸ், அதே ஜெனரல் மோட்டார்ஸுக்கு ரேடியேட்டர் மூடி செய்து அனுப்பிப் பேர் வாங்கிய நிறுவனம். 1966-இல் சென்னை பாடியில் போல்ட் உற்பத்தியைத் தொடங்கியது; அருப்புக்கோட்டை சாலையில் ஆவியூர் பக்கமும் அதற்கு ஆலை உண்டு. லாரியையும் டிராக்டரையும் பிடித்து நிறுத்தும் போல்ட்டு செய்யும் ஊருக்குப் பக்கத்தில்தான் பெட்டித் திருகு கிடைக்காமல் அலைகிறோம்.

ஸ்டாரில் அளவு உண்டு என்பதை நம்மில் பலர் கவனிப்பதில்லை. 6-32 திருகுக்கு பிஎச்2, எம்3-க்குப் பெரும்பாலும் பிஎச்1, லேப்டாப் திருகுக்கு பிஎச்0. வீட்டில் இருக்கும் ஒரே ஸ்டார் திருப்புளி பெரும்பாலும் முனை தேய்ந்த பிஎச்1-ஆகத்தான் இருக்கும். காந்தமில்லாத திருப்புளியைத் திருகில் பொருத்திக் கையை எடுத்துப் பாருங்கள். கீழே விழாமல் ஒரு நொடி நின்றால் அளவு சரி. ஆடி விழுந்தால் அதை வைத்துத் திருகவே கூடாது. மேலே சொன்ன வைத்தியங்கள் எல்லாவற்றையும்விட, தேயாத ஒரு பிஎச்2 முனையை வாங்கி வருவதுதான் அதிகத் திருகுகளைக் காப்பாற்றும் என்பது என் கணிப்பு. பெட்டியை நிற்கவைத்தபடி பக்கவாட்டில் திருகுவதும் தப்பு. திருகின் தலை கூரையைப் பார்க்கும்படி படுக்கப்போட்டு, உடம்பின் எடையைத் திருப்புளியின் மேல் இறக்கி, முக்கால் பங்கு அழுத்தமும் கால் பங்கு திருப்பலுமாகக் கொடுக்க வேண்டும்.

அதற்கும் மசியாத திருகுக்கு மதுரையில் மூன்று விதமான பட்டறைகள் மூன்று பதில் வைத்திருக்கின்றன.

டூவீலர் மெக்கானிக்கின் பதில் அடி. 1985-இல் இந்தியச் சாலைக்கு வந்த யமஹா ஆர்எக்ஸ் 100, ஹீரோ ஹோண்டா சிடி 100 போன்ற வண்டிகளின் எஞ்சின் மூடிகளில் ஜப்பானியச் சிலுவைத் திருகுகள் இருந்தன. ஜப்பானியப் பள்ளமும் ஃபிலிப்ஸ் பள்ளமும் பார்வைக்கு ஒன்று, ஆழத்தில் வேறு. ஃபிலிப்ஸ் முனை அதில் முழுக்க இறங்காது, வழுக்கும். அதனால் பட்டறைகளில் இம்பேக்ட் டிரைவர் நிரந்தர இடம் பிடித்தது. அதன் பின்புறத்தில் சுத்தியலால் அடித்தால் அடியின் விசையே முனையை உள்ளே அமுக்கிக்கொண்டு கொஞ்சம் திருப்பியும் விடும். கனத்த அலுமினிய எஞ்சினில் இது அற்புதமான கருவி. அரை மி.மீ. தகட்டிலோ அடியின் விசையைத் தகடே வளைந்து வாங்கிக்கொள்ளும். திருகுக்குப் போய்ச் சேராது. உள்ளே பழைய ஹார்டு டிஸ்க் இருந்தால் கேட்கவே வேண்டாம். அதன் வாசிப்புமுனை தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில்தான் மிதக்கிறது. ஓடாதபோது அடி கொஞ்சம் தாங்கும் என்றாலும் சோதித்துப் பார்க்க வேண்டிய விஷயமல்ல.

மெக்கானிக்கிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அடியை அல்ல, பொறுமையை. துருப்பிடித்த போல்ட்டுக்கு மாலையில் மண்ணெண்ணெய் விட்டுக் காலையில் தொடுவார் அவர். 1953-இல் சான் டியேகோவில் ராக்கெட் கெமிக்கல் கம்பெனி உருவாக்கிய டபிள்யூடி-40 இன்று எல்லா ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கிறது. அதைப் பெட்டிக்குள் பீய்ச்சி அடிக்கக் கூடாது. டப்பாவின் மூடியில் கொஞ்சம் பிடித்து, விளக்குமாற்றுக் குச்சியில் தொட்டு, தலையின் விளிம்பில் ஒரு சொட்டு வைத்து, சில மணி நேரம் விட வேண்டும். தேங்காய் எண்ணெய் கெட்டியானது. மரையின் இடுக்குக்குள் இறங்குவதற்குள் வெளியே தூசியைச் சேர்த்துச் சேறாக்கிவிடும். எண்ணெயை வைத்த பிறகு தலைப் பள்ளத்தைத் துணியால் துடைத்துவிடவும் வேண்டும்; வழுக்கும் தலையில் எண்ணெய் இருந்தால் திருப்புளி என்ன செய்யும்?

லேத் பட்டறையின் பதில் துளை. கே.புதூரிலும் கப்பலூரிலும் சிட்கோ தொழிற்பேட்டைப் பட்டறைகளில் உடைந்த போல்ட்டை எடுப்பது அன்றாட வேலை. நடுவில் பஞ்ச் அடித்து, துளைத்து, இடப்புரி மரை கொண்ட ஈஸி அவுட்டை இறக்கித் திருப்பி எடுத்துவிடுவார்கள். அல்லது தலையின் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் அடித்து ஸ்பேனர் போடுவார்கள். வெல்டிங் மின்னோட்டம் மதர்போர்டு உள்ள பெட்டியின் பக்கமே வரக் கூடாது. ஈஸி அவுட் 3 மி.மீ. திருகுக்கு ஆபத்தான கருவி. அவ்வளவு மெல்லிய எடுப்பான் எளிதில் முறியும். முறிந்தால் கடினமாக்கப்பட்ட அந்த எஃகுத் துண்டை நம் வீட்டு டிரில் தொடவும் முடியாது. லேத்காரரிடம் கற்க வேண்டியது தலையை மட்டும் துளைக்கும் முறை. அதைக் கடைசியில் பார்ப்போம்.

மீனாட்சி பஜார், டவுன்ஹால் ரோடு வட்டாரத்து எலக்ட்ரானிக்ஸ் சர்வீஸ்காரரின் பதில் சூடு. சால்டரிங் அயர்ன் முனையைத் திருகின் தலையில் ஒரு நிமிடம் வைத்தால், மரையில் தடவிய பசை இளகும். இந்த வகைப் பசையின் முன்னோடி, வெர்னன் கிரீபிள் 1953-இல் கண்ட லாக்டைட். காற்றில்லாத இடத்தில், உலோகத்தோடு உலோகம் சேரும்போது மட்டும் இறுகும் பசை அது. நீலத் தரத்தைக் கைக் கருவியாலேயே உடைக்கலாம், சிவப்புக்குச் சூடு வேண்டும். லேப்டாப் திருகுகளின் தண்டில் நீலமாகத் தெரிவது பெரும்பாலும் நைலான் பூச்சு. அதுவும் சூட்டுக்கு இணங்கும். 2011-இலிருந்து அரசு மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்புகள் ஊர் ஊராகச் சர்வீஸுக்கு வந்தபோது இந்தச் சின்னத் திருகுகளோடு சமவெளி முழுக்கப் பழகிவிட்டது. பெட்டியின் பக்கமூடித் திருகில் பொதுவாகப் பசை கிடையாது. அங்கே சூடு வைத்துப் பயனில்லை; மண்ணெண்ணெய் விட்ட இடத்தில் வைத்தால் தீப்பிடிக்கும்.

மற்ற வீட்டு வைத்தியங்களைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ரப்பர் பேண்டைவிடப் பழைய சைக்கிள் டியூபின் துண்டு மேல். லேசாகக் கெட்ட தலைக்கு உதவும், குழியாகிவிட்டதற்கு உதவாது. ஃபெவிக்விக் மெலிதான திரவம். திருப்புளியை ஒட்டுவதற்குள் மரைக்குள் கசிந்து, இறுகாத திருகையும் இறுக்கிவிடும். எம்சீல் கொஞ்சம் தேவலை, அதன் பிடியும் போதாது.

பெட்டித் திருகின் தலையை உற்றுப் பார்த்தால் அது பெரும்பாலும் அறுகோணமாக இருக்கும். குறுக்களவு கால் அங்குலம், 6.35 மி.மீ. அந்தப் பக்கங்களை யாரும் பயன்படுத்துவதில்லை. முனை மாற்றும் திருப்புளிகளில் முனையைச் செருகும் அறுகோணக் குழியும் அதே கால் அங்குலம். முனையைக் கழற்றிவிட்டு வெறும் பிடியைத் திருகின் தலைமேல் கவிழ்த்து அமுக்கித் திருப்பினால் பாக்ஸ் ஸ்பேனராகவே வேலை செய்யும். நடுவில் சிலுவை எவ்வளவு சிதைந்திருந்தாலும் கவலையில்லை. தலை வட்டமாக இருந்தால் கிரிப் பிளேயரால் விளிம்பைக் கவ்வலாம். அதற்கும் இடமில்லையென்றால் தலையின் விளிம்பில் பஞ்ச்சைச் சாய்த்து வைத்து, இடச்சுழியாகச் சின்னச் சின்னத் தட்டு. இது எஸ்எஸ்டி மட்டும் உள்ள பெட்டிக்கும், டிஸ்கைக் கழற்றிவிட்ட பெட்டிக்கும்தான்.

சும்மா சுற்றும் திருகுக்கு விசை தேவையில்லை. தலைக்கடியில் மெல்லிய ஃபிளாட் முனையைக் கொடுத்து நெம்பியபடி திருப்பினால், மிச்சமிருக்கும் அரை மரை பிடித்துக்கொண்டு வெளியே கொண்டுவரும். மதர்போர்டுத் திருகோடு பித்தளைத் தூணும் சேர்ந்து சுற்றினால் சுற்றட்டும். இரண்டும் ஒன்றாகவே கழன்று வரும். பிறகு நோஸ் பிளேயரில் தூணைப் பிடித்துப் பிரித்துக்கொள்ளலாம்.

எல்லாம் தோற்றால் டிரில். மின்கம்பியைப் பிடுங்கி, முடிந்த மட்டும் போர்டையும் டிஸ்கையும் வெளியே எடுத்துவிட வேண்டும். அந்தத் திருகே தடையாக இருந்தால் உள்பக்கம் ஈரத்துணியும் விளிம்பில் செல்லோ டேப்பும். எஃகுத் துருவல் ஒன்று சிப்பின் இரண்டு கால்களுக்கு நடுவே விழுந்தால் போர்டே போய்விடும். இதைத் திருகைவிடப் பெரிய ஆபத்தாக நினைக்கிறேன். எஸ்எம்பிஎஸ்-ஐத் திறந்து துளைக்கும் எண்ணமே வேண்டாம்; உள்ளிருக்கும் பெரிய கெப்பாசிட்டர் 300 வோல்ட்டுக்கு மேல் தேக்கி வைத்திருக்கும், கம்பியைப் பிடுங்கிய பிறகும். 3.5 மி.மீ. பிட், மெதுவான வேகம். சிதைந்த சிலுவையே பிட்டுக்கு நடுவழி காட்டும். தலை மட்டும் மோதிரம்போல் பிட்டில் ஏறிக்கொண்டு வந்ததும் நிறுத்திவிட வேண்டும். மூடியை உருவியபின் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டைப் பிளேயரால் சுழற்றினால் போதும். துருவலை ஊதாமல் காந்தத்தில் துணி சுற்றி ஒற்றி எடுக்க வேண்டும்.

திரும்பப் பூட்டும்போது திருகை முதலில் இடப்பக்கம் மெதுவாகச் சுற்ற வேண்டும். மரையின் தொடக்கத்தில் ‘டக்’கென்று விழுவது விரலுக்குத் தெரியும், அங்கிருந்து வலப்பக்கம் திருப்பினால் மரை மாறி ஏறாது. துளையின் மரையே போயிருந்தால் மரை வெட்டும் எம்4 டேப் ஒன்று வாங்கி, துளைக்காமலே அதில் புது மரை ஓட்டிவிடலாம். எம்4-க்கு வேண்டிய துளை 3.3 மி.மீ.; மரை தேய்ந்த 6-32 துளை கிட்டத்தட்ட அதே அளவில்தான் இருக்கும். எம்4 திருகு உசிலம்பட்டியிலும் கிடைக்கும், மேலூரிலும் கிடைக்கும். பக்கமூடிக்கும் பின்தகட்டுக்கும் இது தாராளமாகப் போதும். ஹார்டு டிஸ்கின் துளையில் மட்டும் டேப்பை விடக் கூடாது. அங்கே துருவல் விழுவதற்கு இடமே கிடையாது.